எலுவாவின் வலது கால் குறித்த தீர்மானம்

பிரான்ஸ் தேசத்தையே சல்லடையில் போட்டுச் சலித்தாலும், பொதுக்கூட்டத்தில் கைதூக்கி ஓட்டெடுத்து நொண்டியாக்கப்பட்ட மனிதன் தன்னைத் தவிர இன்னொருவன் கிடைக்க மாட்டான் என்று பீப்பாய்க்காரர் எலுவா நகரசபை அலுவலகத்தில் நின்றுகொண்டு சொன்னார். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் வைத்தே அவருடைய மனைவி பெரின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "வந்திருக்கிறவன் புது ஆளு. நம்ம கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. உள்ள போ. பேரைச் சொல்லு. மக வீட்டுக்குப் போகணும்னு சொல்லு. சீட்டை வாங்கிட்டு வா. நடுவுல வாயைத் திறந்தே, நல்லா இருக்கிற காலை நானே ஒடைப்பேன்."

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. புது அதிகாரி ஃப்ளோரிமோன் பெரிய நகரத்தில் படித்தவர். சட்டைக் கைமடிப்பில் ஒரு மைப்பொட்டுகூடக் கிடையாது. ஊர் எல்லையைத் தாண்டுவதற்கான வழிச்சீட்டில் உயரம் எழுதினார், தலைமுடி எழுதினார், மூக்கைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து 'தாராளம்' என்று எழுதினார். அப்புறம் 'நடை' என்ற இடத்தில் 'இயல்பு' என்று எழுதினார்.

அந்த ஒரு சொல்லுக்காக எலுவா பதினோரு வருஷமாகக் காத்திருந்தார். இதுவரை வாங்கிய சீட்டுகளிலெல்லாம் 'வலது கால் நொண்டி' என்றுதான் இருந்தது. போன தடவை மகள் வீட்டுக்குப் போகும்போது, சீட்டை மறந்து அரைக் காதம் நேராக நடந்துவிட்டார். ஆற்றுப்பாலத்துக் காவலர்கள், "இது வேற எவனோ ஒரு நொண்டியோட சீட்டு, திருடிட்டு வந்திருக்கே" என்று ஒரு நாள் முழுக்கக் கொட்டடியில் போட்டுவிட்டார்கள். மகளுக்குப் பிறந்த முதல் குழந்தையின் ஞானஸ்நானம் அந்த ஒரு நாளில் நடந்து முடிந்துவிட்டது. இப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது.

மை காய்வதற்காக ஃப்ளோரிமோன் சீட்டை ஓரமாக வைத்தார். வைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். "அமைதியான ஊருங்க உங்களோடது. ஆயிரம் வருஷமா விசேஷமா ஒண்ணுமே நடந்திருக்காது போல" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்துச் சும்மா நிற்பவன் மனிதனா, மரமா? எலுவா மரத்தோடு பழகுகிறவரே தவிர, மரம் அல்ல. அப்படித்தான் அந்த முதல் வாக்கியம் வாயிலிருந்து நழுவியது.

ஃப்ளோரிமோன் சிரித்தார். "ஓட்டெடுத்தா? நொண்டியாவா? ஐயா, இப்ப மூணு படியைத் தாவி ஏறி வந்தீங்களே."

"ஏறினது என் காலு. நான் சட்டப்படி நொண்டி."

மூலையில் எழுத்தர் லெயோனார் உட்கார்ந்திருந்தார். மன்னர் காலத்தில் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதியவர். குடியரசு வந்ததும் குடியரசுப் பதிவேடு எழுதினார். இப்போது பேரரசருக்கு எழுதுகிறார். மூன்று ஆட்சிக்கும் ஒரே நாற்காலி. எழுத வேண்டிய விஷயம் வந்தாலொழிய அவர் வாய் திறப்பதில்லை. இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தார்.

"சும்மா கதை விடாதீங்க ஐயா" என்றார் ஃப்ளோரிமோன்.

கதை விடுவதா? எலுவா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குடியரசின் இரண்டாம் ஆண்டு அது. அதுவரை ஊருக்குப் பெயர் புனித ரோக். கொள்ளை நோயிலும் கால் புண்ணிலும் உதவிக்கு வருகிற அந்தப் புனிதரின் கோயில்தான் ஊரின் நடுவே இருந்தது. புனிதர்கள் ஒழிந்த பிறகு ஊருக்கு 'பகுத்தறிவுக்குன்று' என்று பெயர் வந்தது. ஊரில் குன்று எதுவும் கிடையாது. முழங்கால் மட்டும் சேறுதான். மாவட்டத்திலிருந்து வந்த பெயர்ப்பட்டியலில், மற்ற ஊர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கூடவே இன்னொரு சட்டமும் வந்தது. ஐயா இல்லை, அம்மா இல்லை, 'நீங்க' இல்லை. எல்லோரும் குடிமகன், குடிமகள். எல்லோருக்கும் 'நீ'. எலுவாவுக்கு இது தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. பெரிய மனிதர் யாராவது எதிரே வந்தால் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவுவார். பெரினுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. சட்டம் வந்த அன்றே, சூப் பாத்திரத்தை மேஜையில் வைத்து, "இந்தா, தின்னு" என்றாள். பத்தொன்பது வருஷமாக அந்த வாக்கியம் அவளுக்குள் ஊறிக்கிடந்தது போலத் தெரிந்தது.

கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர் குடிமகன் ப்ரூட்டஸ். பழைய பெயர் வேறு. பழைய தொழில், கோயிலுக்கு மெழுகுவத்தி விற்பது. "பதினேழு வருஷம் மூடநம்பிக்கைக்கு மெழுகுவத்தி வித்தவன் நான். இருட்டைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுத்தான் தலைவரானார்.

குழுவின் ஒழுக்கப் பேச்சாளர் குடிமகன் ஒனெசிம். போன வருஷம் வரை அவர்தான் ஊர்ப் பாதிரியார். "இருபது வருஷம் உங்ககிட்டப் பொய் சொன்னேன், கண்ணை மூடிக்கிட்டு நம்புனீங்க. இப்ப உண்மையைச் சொல்றேன், முறைக்கிறீங்க" என்று வாரந்தோறும் குறைப்பட்டுக்கொள்வார். வாரம் என்று சொன்னதும் தவறு. வாரத்தை ஒழித்துப் பத்து நாளைக்கு ஒரு ஓய்வு நாள் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பத்தாம் நாள்தோறும் சந்தேகத்துக்குரியவர்களை ஏற்றிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு ஒரு வண்டி போகும். அங்கே இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே சாய்வாக ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி திரும்பி வரும்போது இலேசாக வரும். நற்குடிமகன் சான்றிதழ் இல்லாத எவனும் சந்தேகத்துக்குரியவன். எலுவாவிடம் சான்றிதழ் இல்லை.

இப்படியிருக்கும்போது ஒரு உத்தரவு வந்தது. மாபெரும் அரசியல் சிந்தனையாளர் வெர்சாக்கின் உருவத்தைப் பத்து நாளுக்குள் ஒவ்வொரு முன்னாள் கோயிலிலும் நிறுவ வேண்டும். மன்னரும் பாதிரியும் இல்லாமல் மனிதன் நல்லவனாக வாழ்வது எப்படி என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவர் வெர்சாக். அதை மன்னரின் அத்தை மாளிகையில் விருந்தாளியாக இருந்து எழுதி முடித்து, பாதிரியார் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கப் படுக்கையில் உயிரை விட்டார்.

அவர் முகம் எப்படியிருக்கும் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. சிலைக்குக் கல்லும் இல்லை, சிற்பியும் இல்லை. இருந்தது புனித ரோக்கின் மரச்சிலைதான். குழு கூடியது. புனிதரை வெர்சாக் ஆக்குவது என்று முடிவாயிற்று. தலைக்குப் பின்னாலிருந்த ஒளிவட்டத்தைப் பெயர்த்தார்கள். ஓடிப்போன பிரபுவின் பொய்முடி ஒன்றைக் கொண்டுவந்து தச்சுப் பசை போட்டு ஒட்டினார்கள். யாத்திரைக் கோலை ரம்பத்தால் அறுத்து இறகுப் பேனாவாக்கினார்கள். புனித ரோக், தன் தொடையிலிருக்கும் புண்ணை ஒரு விரலால் காட்டிக்கொண்டு நிற்பார். அதை என்ன செய்வது?

"கொடுங்கோலர்கள் மக்களுக்குச் செஞ்ச காயத்தைச் சுட்டிக் காட்டறாரு" என்றார் ப்ரூட்டஸ்.

"நாய்?" என்றார் ஒனெசிம்.

புனிதரின் காலடியில், வாயில் ரொட்டியோடு அவருக்கு உணவு கொண்டுவந்த நாய் இருந்தது. வெர்சாக் நாய் வளர்த்ததாக எங்கும் குறிப்பில்லை. இரண்டு நாள் விவாதம் நடந்தது. முடிவில் அந்த நாய் பொதுமக்கள் என்றும், ரொட்டி குடியரசு அவர்களுக்கு அளிப்பது என்றும் தீர்மானித்து, நாயைத் தூக்கி ஒரு உயரமான மேடையில், தத்துவஞானியின் தோள் மட்டத்துக்கு ஏற்றி, காதில் மூவர்ண நாடா குத்தினார்கள். அந்த வருஷம் ஊரில் எல்லோரும் கண்ணால் பார்த்த ரொட்டி அது ஒன்றுதான். ஓக் மரத்தில் செய்தது.

திறப்பு விழாவில் ஒரு ஊர்வலம். அதில் 'அடிமைத்தனத்தால் முடமான பழைய மக்கள்' என்று ஒரு வேஷம் தேவைப்பட்டது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பீப்பாய் உருண்டு எலுவாவின் இடது முட்டி விலகியிருந்தது. ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பார். ப்ரூட்டஸ் அவரைப் பிடித்தார்.

"என்னை முடமாக்கினது பீப்பாய்தானே, அடிமைத்தனம் இல்லையே" என்று எலுவா வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

"யாரோட பீப்பாய்?"

"பிரபுவோடது."

"அப்ப அடிமைத்தனம்தான். நாளைக்குக் காலையில வந்துடு. நல்லா நடிச்சா சான்றிதழ்."

சான்றிதழ் என்றதும் எலுவா வாயை மூடிக்கொண்டார்.

முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். எலுவா ஊன்றுகோலோடு போய்ச் சிலைக்கு முன்னால் மண்டியிட்டு, இடது காலை நீட்டிக்கொண்டு, அடிமைத்தனத்தால் முனகினார். ப்ரூட்டஸ் மேடையில் ஏறி, அற்புதங்களின் காலம் முடிந்தது என்று முழங்கி, நாய் நின்ற மேடையை ஒரு குத்துக் குத்தினார். நாயின் வாயிலிருந்த ஓக் ரொட்டி தெறித்து வந்து, எலுவாவின் முட்டியில் இறங்கியது. 'டொக்' என்று ஒரு சத்தம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த, இருபது வருஷமாகக் காது கேளாத கருமான்கூட "யாரு கதவைத் தட்டுறது?" என்று திரும்பிப் பார்த்தானாம். எலுவா எம்பிக் குதித்தார். குதித்தவர் இரண்டு காலில் நின்றார். நின்றவர் நடந்தார். விலகிய எலும்பு தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"ரோக் ஐயாவே!" என்றாள் பெரின்.

"அற்புதம்!" என்று முந்நூறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பழக்கதோஷத்தில் முந்நூறு கைகளும் சிலுவை போட எழுந்தன. நெற்றியைத் தொட்ட பிறகுதான் தலைவரின் முகம் கண்ணில் பட்டது. முந்நூறு பேரும் அப்படியே மூக்கைச் சொறிந்துகொண்டார்கள்.

அற்புதத்துக்கு ஆளான குற்றத்துக்காக எலுவா நடந்தே போய்ச் சிறையில் புகுந்தார். மூன்று வருஷத்தில் அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்த முதல் நடை அது.

மறுநாள் விசாரணை. பழைய பாவசங்கீர்த்தன அறைக்குப் பக்கத்தில் மேஜை போட்டிருந்தார்கள். எழுத்தர் லெயோனார் எலுவாவுக்கு நேர் எதிரே பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"குடிமகன் எலுவா, உன்னை யார் குணப்படுத்துனது?" என்றார் ப்ரூட்டஸ்.

"ரொட்டிங்க."

"ங்க கிடையாது."

"ரொட்டி."

"ரொட்டி யார் வாயில இருந்துச்சு?"

"நாய்... மக்கள் வாயில."

"அந்த நாய் யாரோடது?"

எலுவா யோசித்தார். ரோக் என்று சொன்னால் மதவெறி. பத்தாம் நாள் வண்டி. "வெர்சாக்கோடது" என்றார்.

ஒனெசிம் எழுந்துவிட்டார். "அப்போ வெர்சாக் அற்புதம் பண்ணாருங்கிறே. அற்புதம் கிடையாதுன்னு ஆயுசு பூரா எழுதின மனுஷனை மந்திரவாதி ஆக்கறே. இதைவிட அவரை அவமானப்படுத்த முடியுமா?"

"அய்யய்யோ, இல்ல. அது சும்மா தற்செயலா விழுந்தது."

"தற்செயலா?" என்றார் ப்ரூட்டஸ். "முந்நூறு பேர் ஒரே குரல்ல அற்புதம்னாங்க. மக்கள் ஒரே குரல்ல சொன்னா அது தப்பாகவே முடியாதுன்னு வெர்சாக் பதினேழாம் பக்கத்துல எழுதியிருக்காரு. நீ ஒருத்தன் இல்லேங்கறே. மக்களுக்கு எதிரா நிக்கறியா?"

"நான் நிக்கவே இல்ல. வேணும்னா உக்காந்துக்கறேன்."

"உண்டுன்னு சொன்னா வண்டி. இல்லேன்னு சொன்னாலும் வண்டி" என்று ஒனெசிம் பரிவோடு விளக்கினார். "யோசிச்சுச் சொல்லு. இது சுதந்திர நாடு."

"சும்மா இருந்தா?"

"மௌனம் சதிகாரனோட பாஷை" என்றார் ப்ரூட்டஸ். லெயோனார் அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் வெர்சாக்கையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஊரில் அவர் நூலின் ஒரே ஒரு பிரதி இருந்தது. பிரபுவின் மாளிகையில் பறிமுதல் செய்தது. அச்சகத்திலிருந்து வரும் புத்தகங்களில் தாள்கள் மடிப்போடு ஒட்டியிருக்கும். படிக்கிறவன்தான் கத்தியால் அறுத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரபு நாற்பதாம் பக்கம் வரை அறுத்திருந்தார். அதற்கு மேல் அவருக்குத் தூக்கம் வந்திருக்கிறது. தத்துவஞானியின் நூலில் கத்தி வைக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டா என்ற சந்தேகம் குழுவுக்கு இருந்ததால், மாவட்டத்துக்கு எழுதி அனுமதி கேட்டிருந்தார்கள். பதில் வரவில்லை. ஆகவே பகுத்தறிவுக்குன்றின் அரசாங்கம் முதல் நாற்பது பக்கத்தை வைத்துத்தான் நடந்துகொண்டிருந்தது.

பொருளடக்கப்படி, அற்புதங்களைப் பற்றிய அத்தியாயம் இருநூற்று ஆறாம் பக்கம். ப்ரூட்டஸ் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்து, மடிப்பின் அடிவழியாக ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். ஒனெசிம் மெழுகுவத்தி பிடித்தார்.

"தெரியுது. 'அற்புதங்களைப் பொறுத்தவரை, அரசாங்கம் செய்ய வேண்டியது...'"

"செய்ய வேண்டியது?"

"மீதி மடிப்புக்குள்ள போயிடுச்சு."

மூன்று பேரும் அந்த மடிப்பைப் பார்த்தார்கள். எலுவா தன் கழுத்தே அந்த மடிப்புக்குள் மாட்டியிருப்பதாக உணர்ந்தார். "என்கிட்டச் செதுக்குக் கத்தி ஒண்ணு இருக்கு, ஒரு இழுப்பு..." என்று ஆரம்பித்தார். ஆயுதத்தைப் பற்றிப் பேசியதாக லெயோனார் எழுதினார்.

தீர்ப்பு வரும்வரை எலுவா சிலைக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்சில், சாட்சிப் பொருளாக, ரொட்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டார்.

அதற்குள் செய்தி நாலா பக்கமும் போய்விட்டது. எட்டு ஊர் நொண்டிகளும் வந்து சேர்ந்தார்கள். ஊன்றுகோல்களின் வரிசை கோயிலில் தொடங்கி, ஆற்றைத் தாண்டி, அக்கரையில் இரண்டு முறை சுற்றிக்கொண்டு நின்றது. குழு திகைத்தது. தடுத்தால் மக்கள் விருப்பத்துக்கு விரோதம். விட்டால் யாத்திரை. யாத்திரைக்குத் தடை உண்டு. எனவே ஒழுங்குபடுத்தினார்கள். குணமாக விரும்புகிற ஒவ்வொருவனும், குணமாவதில் தனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை என்று இரண்டு சாட்சிகளோடு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அப்புறம் சிலைக்கு முன்னால் நிற்கலாம். மண்டியிடக் கூடாது. முணுமுணுக்கக் கூடாது. நிமிர்ந்து நின்று, வெர்சாக்கின் முதல் நாற்பது பக்கத்தை மனத்துக்குள் நினைக்க வேண்டும். பிறகு எலுவாவின் கயிற்றிலிருந்து ரொட்டியை அவிழ்த்து நாயின் வாயில் வைப்பார்கள். ப்ரூட்டஸ் மேடையைக் குத்துவார், ரொட்டி விழும்.

ஒன்பது நாள் குத்தினார். ஒருவனும் குணமாகவில்லை. ஒரு முதியவரின் இருமல் மட்டும் வரிசையிலேயே நின்றுபோயிற்று. விசாரித்ததில் மூச்சும் நின்றிருந்தது. நொண்டிகள் இன்னும் அதிகமாக நொண்டிக்கொண்டு, பெஞ்சில் கட்டிக்கிடந்த எலுவாவை முறைத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் நின்று, "உனக்கு மட்டும் எப்படிடா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி ப்ரூட்டஸின் காதில் விழுந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் பரவியதை எலுவா பார்த்தார். வெளிச்சம் எப்போதும் நல்ல சகுனம் இல்லை.

அன்று மாலையே பொதுக்கூட்டம். விடிந்தால் பத்தாம் நாள். வண்டிக்குப் பூட்ட வேண்டிய குதிரைகள் வாசலில் கொள்ளு தின்றுகொண்டிருந்தன.

"குடிமக்களே" என்றார் ப்ரூட்டஸ். "எட்டு ஊர்ல நானூறு நொண்டி. குணமானவன் ஒருத்தன். இதுக்கு என்ன பேரு? சலுகை. சலுகையை ஒழிக்கத்தான் ராஜாவை ஒழிச்சோம். நானூறு பேருக்கு இல்லாதது இந்த எலுவாவுக்கு எதுக்கு? எல்லாரும் நடக்கணும், இல்லேன்னா எல்லாரும் நொண்டணும். எல்லாரையும் நடக்க வைக்க முடியுமான்னு ஒன்பது நாளா கை வலிக்கக் குத்திப் பாத்துட்டேன். மிச்சமிருக்கிற ஒரே சமத்துவம் எதுன்னு உங்களுக்கே தெரியும். நான் கொடூரன் இல்ல. காலை ஒடைக்கச் சொல்லலை. ஒடைக்கிறது மன்னராட்சி. நாம தீர்மானம் போடுவோம்."

ஒனெசிமுக்கும் முகம் மலர்ந்தது. "பிரமாதம். குணமாகலைன்னு ஆயிட்டா அற்புதமும் இல்லை. வெர்சாக்கோட மானமும் தப்பிச்சுது. மக்கள் தப்பாச் சொல்லலை. அவங்க சொன்னதை அவங்களே திரும்ப எடுத்துக்கறாங்க, அவ்வளவுதான்."

முந்நூறு கைகள் எழுந்தன. பெரினின் கைதான் முதலில் எழுந்தது. வாசலில் நின்ற குதிரைகளை அவள் பார்த்திருந்தாள்.

தீர்மானத்தை லெயோனார் வாசித்தார். 'குடிமகன் எலுவா குணமானது இதனால் ரத்து செய்யப்படுகிறது. அவர் வலது கால் நொண்டியாகத் தொடர்வார்.'

"இடது" என்றார் எலுவா.

விசாரணையின்போது எலுவாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து எழுதியவர் லெயோனார். எழுத்தரின் வலது பக்கம் இருந்த கால் அவருக்கு வலது கால்.

"நொண்டினது இடது காலு" என்றார் எலுவா மறுபடியும், பணிவாக.

லெயோனார் விரலால் தாளைத் தொட்டுப் பார்த்தார். "மை காஞ்சுடுச்சு" என்றார்.

அன்றே நற்குடிமகன் சான்றிதழ் கைக்கு வந்தது. 'இதைக் கொண்டுவருபவர் சுதந்திர மனிதர். நொண்டுவார்.'

அன்று முதல் எலுவா பிறவியிலேயே நல்ல காலாக இருந்த வலது காலை இழுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே ஈட்டி பிடித்த இரண்டு குடிமக்கள் நடந்து, அவர் நொண்டுவதில் தரம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். "நேத்து இன்னும் நல்லா இழுத்தியே, இன்னைக்கு என்ன அலட்சியம்?" என்பார்கள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால்தான் காலுக்கு விடுதலை. "வெளியில குடியரசுக்கு நொண்டு, உள்ள எனக்குத் தண்ணி தூக்கு" என்றாள் பெரின். அதுவும் நாலு நாள்தான். திடீர்ச் சோதனைக்கு வந்த ஒனெசிம் அவரை இரண்டு வாளியோடு, நேரான காலில் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு ஜன்னல் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எலுவா படுக்கையில்கூட வலது காலை மடக்கியே தூங்கக் கற்றுக்கொண்டார். கனவில் ஓடினால்கூட நொண்டிக்கொண்டேதான் ஓடினார்.

கோடை முடிவதற்குள் தலைநகரில் ஆட்சி கவிழ்ந்தது. கத்திக்குக் கீழே அனுப்பினவர்களே கத்திக்குக் கீழே போனார்கள். ப்ரூட்டஸ் ஒரே நாளில் பழைய பெயரைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு, மெழுகுவத்திக் கடையைத் திறந்தார். மதில்மேல் பூனையாக ஏழெட்டு வருஷம் காத்திருந்து, வாரம் திரும்பி வந்ததும் ஒனெசிம் மறுபடி பாதிரியாரானார். "நடுவுல கொஞ்ச நாள் உண்மை சொன்னதுக்கு ஆண்டவர் மன்னிக்கணும்" என்று முதல் பிரசங்கத்திலேயே கேட்டுக்கொண்டார். சிலை மறுபடி புனித ரோக் ஆயிற்று. பிரபுவின் பொய்முடியைப் பிய்க்க முடியவில்லை. தச்சுப் பசையை எலுவாதான் காய்ச்சிக் கொடுத்திருந்தார். முடியின் மேலேயே ஒளிவட்டத்தை ஆணி அடித்தார்கள்.

எலுவா நொண்டிக்கொண்டே ஒனெசிமிடம் போனார். "சாமி, இப்ப நீங்க மறுபடி சாமி ஆயிட்டீங்க. என் முட்டி குணமானது அற்புதம்தான்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அதை வச்சுத் தீர்மானத்தை ரத்து பண்ணிக்கறேன்."

ஒனெசிம் தலையை ஆட்டினார். "அந்தச் சமயத்துல சிலை வெர்சாக் பேர்ல இருந்துச்சேப்பா. நாத்திகன் பேர்ல நடந்ததைத் திருச்சபை எப்படி ஏத்துக்கும்? நீ குணமானதே செல்லாது. தவிர, நான் கையெழுத்துப் போட்ட தீர்மானம். நானே இல்லைங்கிறது அழகில்லை."

நகரசபைக்குப் போனார். புதிய சபை, பழைய குழுவின் எல்லாத் தீர்மானங்களும் மறுபரிசீலனை வரை செல்லும் என்று தீர்மானித்திருந்தது. மறுபரிசீலனை எப்போது? அதற்கான குழு எப்போது கூடும் என்று தீர்மானிக்கவில்லை. ஈட்டிக்காரர்கள் போய்விட்டார்கள். ஜன்னல் கதவுகள் திரும்பி வந்தன. ஊருக்குள் எலுவா நேராகவே நடந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் மட்டும் சீட்டு வேண்டும். சீட்டில் நொண்டி.

எலுவா சொல்லி முடித்தபோது ஃப்ளோரிமோன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்துச் சிரித்து.

"ஐயா, நான் எத்தனையோ புளுகனுங்களைப் பாத்திருக்கேன். இந்த மாதிரி நாய் வச்சுப் புளுகினவரை இன்னைக்குத்தான் பாக்கறேன். இந்தாங்க உங்க சீட்டு. போய்ப் பேரப்பிள்ளையைக் கொஞ்சுங்க."

சீட்டை நீட்டினார். 'நடை: இயல்பு.' கையை நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம். வாசலில் பெரின், தலைக்குட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, மூட்டையோடு நின்றுகொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் உதடு 'வா, வா' என்றது.

எலுவாவின் கை பாதி தூரம் போயிற்று.

"புளுகா?" என்றார்.

"பின்னே?"

"நான் புளுகறேனா? ஓட்டுப் போட்ட முந்நூறு பேர்ல இருநூறு பேர் இன்னும் உசிரோட இருக்காங்க."

"ஊரே சேந்து புளுகலாம். எழுத்துல இருந்தாத்தான் நான் நம்புவேன்."

மூலையில் பேனா சீவும் சத்தம் நின்றது. எழுத்து என்ற சொல் லெயோனாரின் காதில் விழுந்துவிட்டது. அவர் எழுந்தார். அலமாரியைத் திறந்து, தூசி கிளம்ப ஒரு பதிவேட்டை எடுத்து, பக்கத்தைத் தேடாமலே திறந்து, ஃப்ளோரிமோனின் முன்னால் வைத்தார். பதிவேட்டின் மேல் இன்னொரு புத்தகத்தையும் வைத்தார்.

ஃப்ளோரிமோன் பதிவேட்டைப் படித்தார். சிரிப்பு முதலில் உதட்டிலிருந்து போயிற்று, பிறகு கண்ணிலிருந்து. 'ரொட்டிங்க' என்ற இடத்தில் விரலை வைத்தார். 'ங்க கிடையாது' என்ற இடத்துக்கு விரல் நகர்ந்தது. முந்நூறு பெயர்கள். முத்திரை. கீழே சான்றிதழ் நகல்.

பிறகு இன்னொரு புத்தகத்தை எடுத்தார். நாற்பதாம் பக்கம் வரை அறுத்திருந்தது. அதற்கு மேல் கன்னித்தாள். தன் காகிதக் கத்தியை எடுத்தார். லெயோனார் கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு வருஷமாக மாவட்டத்திலிருந்து வராத அனுமதியைக் கேட்காமல், ஃப்ளோரிமோன் இருநூற்று ஆறாம் பக்கத்தை ஒரே இழுப்பில் அறுத்து, வாய்விட்டு வாசித்தார்.

"'அற்புதங்களைப் பொறுத்தவரை, அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை.'"

"பாத்தீங்களா" என்றார் எலுவா. "ஒண்ணுமே இல்ல. அவரே சொல்லிட்டாரு. அப்ப ரத்து பண்ணிடலாமில்ல?"

ஃப்ளோரிமோன் பதிவேட்டின் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "ரத்து பண்ணினதா எங்கயும் குறிப்பு இல்லையே."

"அதான் இப்ப நீங்க..."

"நானா? நான் வந்து மூணு நாளாச்சு." அவர் வழிச்சீட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். 'இயல்பு' என்ற சொல்லின் வாலில் திரண்டிருந்த மைத்துளி இன்னும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். அது நீலக் கறையாகி அழிந்தது. சட்டைக் கைமடிப்பில் முதல் மைப்பொட்டு விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. கறையின் மேலேயே நிதானமாக எழுதி, மணல் தூவி, ஊதி, எலுவாவிடம் மரியாதையோடு எழுந்து நின்று நீட்டினார்.

வாசலில் பெரின் மூட்டையைக் கீழே வைத்தாள். சுவரோரம் சாய்ந்திருந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டாள். வரும்போதே கொண்டு வந்திருந்தாள்.

"உங்களைப் புளுகன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார் ஃப்ளோரிமோன். "நீங்க சொன்ன அத்தனையும் நடந்திருக்கு. ஒரு வார்த்தை பொய்யில்ல."